கூரையில் வெயில், வீட்டில் இருட்டு

2025 ஏப்ரல் 28. ஸ்பெயினில் மேகமில்லாத வசந்தகால நண்பகல். மணி 12.33-க்கு, ஐந்தே வினாடிகளில், அந்த நேரத்து மின்தேவையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு ஈடான மின்உற்பத்தி அறுந்து விழுந்தது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர மின்சாரம் இழந்தன. ரயில்கள் நடுவழியில் நின்றன, போக்குவரத்து விளக்குகள் அணைந்தன, செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இத்தனைக்கும் அந்த நாடுகளில் லட்சக்கணக்கான கூரைகளில் சோலார் பேனல்கள் பளபளத்துக்கொண்டிருந்தன. அந்தக் கூரைகளுக்குக் கீழே, பேட்டரி இல்லாத வீடுகளில், குளிர்சாதனப் பெட்டிகூட ஓடவில்லை.

தமிழ்நாட்டில் சோலார் போட்ட வீடுகளுக்கு இது புதிதல்ல. சித்திரை மாதத்துப் பகல் இரண்டு மணி. தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. மாடியில் மூன்று கிலோவாட் பேனல் வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கீழே மின்விசிறி சுற்றவில்லை. "இவ்வளவு செலவு பண்ணி எதுக்கு?" என்று வீட்டிலிருப்பவர்கள் கேட்கிறார்கள். சோலார் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் போகிறது. பேட்டரி சேர்க்கலாமா என்ற பேச்சு பெரும்பாலும் அந்தப் போனில்தான் தொடங்குகிறது.

பேனல் ஏன் நிற்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அரசு மானியத்தோடு இன்று வீடுகளில் பொருத்தப்படுபவை பெரும்பாலும் 'ஆன்-கிரிட்' அமைப்புகள். பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை இவற்றின் இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக்குகிறது. அதற்குத் தாளம் போட்டுக் கொடுப்பது தெருவில் வரும் மின்சாரம். 230 வோல்ட், வினாடிக்கு 50 சுழற்சி என்ற அந்தத் தாளம் நின்றதும் இன்வெர்ட்டரும் இரண்டு வினாடிக்குள் நின்றுவிட வேண்டும் என்பது விதி. காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் கைக்கு, ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது. ஆகவே பேனல் நிற்பது பழுதல்ல, பாதுகாப்பு. மின்வெட்டிலும் வீட்டுக்கு மட்டும் மின்சாரம் வேண்டுமென்றால், தெரு லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துவிட்டு அந்தத் தாளத்தைத் தானே போடக்கூடிய ஓர் இன்வெர்ட்டரும், மேகம் மறைத்தாலும் மோட்டார் கிளம்பினாலும் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் ஒரு பேட்டரியும் வேண்டும்.

பேட்டரி தமிழ் வீடுகளுக்கு அந்நியமான பொருளில்லை. 2008-இல் தொடங்கி 2013 வரை நீண்ட மின்வெட்டுக் காலத்தில், அதிலும் 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன நாட்களில், கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி அந்தக் காலத்தின் சொத்து. அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும் என்பதும், மறந்தால் என்னாகும் என்பதும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது அதன் கணக்கு. 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும் என்பதால், நம்பி எடுக்கக்கூடியது சுமார் 0.9 யூனிட். போட்ட மின்சாரத்தில் 15 முதல் 20 விழுக்காடு வெப்பமாகப் போய்விடும். போதாக்குறைக்கு நம் ஊர் வெப்பம். ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அத்துறையினர் நெடுநாளாக வைத்திருக்கும் கணக்கு. வேலூரிலோ கரூரிலோ மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பேட்டரியை வைப்பவர் அதன் வாழ்நாளைத் தானே வெட்டுகிறார்.

இந்த இடத்தைத்தான் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் வேகமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதில் 80 முதல் 90 விழுக்காடு வரை வடிக்கலாம். இழப்பு பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும். நாளுக்கு ஒருமுறை நிரப்பி வடித்தாலும் பத்து ஆண்டு தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் பலர் உத்தரவாதம் தருகிறார்கள். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை.

இதன் வேதியியலுக்கும் தமிழ்நாட்டுக்கும் உண்மையான ஓர் உறவு உண்டு. தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு டெக்சாஸிலும் பேட்டரி ஆய்வாளர் ஜான் குட்இனஃபுடன் வேலை செய்தார். அப்போது லித்தியம் பேட்டரிகளின் நேர்முனைக்கு முக்கியமாகக் கருதப்பட்டவை ஆக்சைடுகள். அவற்றுக்குப் பதிலாக சல்பேட் போன்ற 'பாலிஅனயன்' சேர்மங்களை இருவரும் ஆராய்ந்தார்கள். விலையுயர்ந்த கோபால்ட் இடத்தில் மலிவான இரும்பை வைக்கலாம் என்பதற்கு வழி திறந்தது அந்த ஆய்வு. அதே குழுவிலிருந்து 1997-இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வெளிவந்தது. இதில் பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் பிரிந்து தீக்குத் துணைபோகாது. வீட்டுக்குள் வைக்க இந்த வகையைத் தேர்ந்தெடுப்பதற்கு முதல் காரணம் இதுதான். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதான அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம்.

அதற்குப் பிறகு நடந்தது விலைச் சரிவு. 2010-இல் ஒரு கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை ஆயிரம் டாலருக்கு மேல். 2024-இல் புளூம்பெர்க் ஆய்வுப் பிரிவு கணக்கிட்டது 115 டாலர். மின்கார்களுக்கான தொகுப்புகளும் சேர்ந்த சராசரி இது. வீட்டுக்கு வரும் பெட்டி இதைவிட மிக விலை கூடியது, ஆனால் இறங்கும் திசை ஒன்றே.

ஏற்கெனவே ஆன்-கிரிட் சோலார் இருக்கும் வீட்டில் பேட்டரியை எப்படிச் சேர்ப்பது? வழிகள் பல. பழைய இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, பேனல், பேட்டரி, தெரு லைன் மூன்றையும் ஒரே பெட்டியில் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வைப்பது தூய்மையான வழி. இழப்பு குறைவு. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் இன்வெர்ட்டரை வீணாக்க வேண்டும், மின்வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும், பழைய உத்தரவாதமும் போகும். இரண்டாவது வழியில் சோலார் இன்வெர்ட்டர் அப்படியே இருக்க, தனி பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று சேர்கிறது. கரண்ட் போனதும் இந்தப் புதியவர் தாளம் போட, சோலார் இன்வெர்ட்டர் அதைத் தெரு லைன் என்று நம்பி ஓடுகிறது. பேட்டரி நிரம்பிவிட்டால் பேட்டரி இன்வெர்ட்டர் தாளத்தைச் சற்றே வேகப்படுத்துகிறது, 50-ஐத் தாண்டும் அந்தச் சுழற்சியைக் கண்டு சோலார் இன்வெர்ட்டர் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. அழகான ஏற்பாடுதான். ஆனால் வீட்டிலுள்ள சோலார் இன்வெர்ட்டர் இந்தக் குறிப்பைப் புரிந்துகொள்ளும் வகையா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது வழியை விற்பனையாளர்கள் அதிகம் சொல்வதில்லை. சோலாரைத் தொடவே வேண்டாம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஒன்றைத் தனியாக வைத்து, தெரு மின்சாரத்திலேயே பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாம். லைனுக்குக் கொடுத்ததை எடுத்ததிலிருந்து கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் இருக்கும் வீட்டில் பகலில் நிரம்பும் பேட்டரி, கணக்குப்படி தன் கூரை மின்சாரத்தால்தான் நிரம்புகிறது. இரண்டு, மூன்று மணி நேர வெட்டுக்கு இது போதும். நாள்கணக்கில் கரண்ட் வராத ஊருக்கு மட்டும் இது உதவாது, காலியான பேட்டரியை மறுபடி நிரப்ப வழியில்லை.

எவ்வளவு பெரிய பேட்டரி என்ற கேள்விக்கு, கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நான்கு பழைய மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட், இரவில் பத்து மணி நேரம் ஓடினால் 3 யூனிட். அதே நான்கையும் 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி மின்விசிறிகளாக மாற்றினால் 1.2 யூனிட். மிச்சப்பட்ட 1.8 யூனிட்டைச் சேமித்து வைக்க முன்பு சொன்ன டியூபுலர் பேட்டரி இரண்டு வேண்டியிருந்திருக்கும். மின்விசிறியை மாற்றும் செலவு அந்த இரண்டு பேட்டரிகளின் விலைக்கு எந்த வகையிலும் கூடுதலாகாது. மின்விசிறி எல்லா நாளும் பில்லைக் குறைக்கும், பேட்டரி அப்படிச் செய்யாது. எல்இடி விளக்குகள், செல்போன், வைஃபை பெட்டி, ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டைச் சுற்றி எடுக்கும் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்ந்தாலும் ஓர் இரவுக்கு 3 யூனிட்டில் ஒரு நடுத்தரக் குடும்பம் நிம்மதியாக இருக்கலாம். ஒன்றரை டன் ஏசி நுழைந்ததும் கணக்கு உடைகிறது. மணிக்கு ஒரு யூனிட் அளவுக்கு அது எடுக்கும். சம்ப்பிலிருந்து தொட்டிக்கு நீரேற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுப்பது சுமார் ஒரு கிலோவாட்தான், கிளம்பும் அந்தக் கணத்தில் மட்டும் பல மடங்கு கேட்கும். பேட்டரியில் சார்ஜ் இருந்தும் இன்வெர்ட்டர் அணைந்துவிடும் வீடுகளில் பல நேரம் குற்றவாளி அந்தக் கணம்தான். ஆகவே அவசியமானவற்றுக்கு மட்டும் தனி டிபி பெட்டி பிரித்து, அதை மட்டும் பேட்டரியோடு இணைப்பது நல்ல எலக்ட்ரீஷியனின் அடையாளம்.

இனி காசு.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த 'பிஎம் சூர்ய கர்' திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். இதில் பேட்டரிக்கென்று எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட்டுக்கு மேல் தரும். பகலில் மிஞ்சியது லைனுக்குப் போகிறது, இரவில் எடுப்பது அதில் கழிகிறது. சிறு கட்டணங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், நெட் மீட்டர் வைத்த வீட்டுக்கு மின்வாரியமே ஒரு மாபெரும் பேட்டரி. அதுவும் தேயாத பேட்டரி.

இந்த நிலையில் சொந்த பேட்டரியின் கணக்கு எப்படி வரும்? 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒன்றை 1.25 லட்சத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் 4.5 யூனிட் எடுத்து, பத்து ஆண்டில் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு இறங்கினால், மொத்தம் கிடைப்பது 15,000 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சேமிக்கும் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 8 ரூபாயைத் தாண்டுகிறது. அந்த யூனிட்டை லைனில் விட்டு இரவில் திரும்ப வாங்கியிருந்தால் அந்தச் செலவே இருந்திருக்காது. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டைத் தாண்டி, யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் கட்டும் வீடுகளுக்குக்கூட, நெட் மீட்டர் இருக்கும்வரை பேனலைப் பெரிதாக்குவதுதான் லாபம். பேட்டரி போட்டால் பில் குறையும் என்று இன்று தமிழ்நாட்டு வீட்டுக்காரரிடம் சொல்பவர் அவரைத் தவறான வழியில் நடத்துகிறார். பேட்டரி தருவது மின்வெட்டில் விளக்கு. அதற்கும் விலை உண்டு, பலருக்கு அது கொடுக்கத் தகுந்த விலை. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பது வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு நாடுகளில் இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது விதி. ஜெர்மனியில் கூரை மின்சாரத்தை லைனுக்குக் கொடுத்தால் கிலோவாட்-மணிக்குக் கிடைப்பது சுமார் 8 சென்ட், வாங்கினால் கட்டுவது 30 சென்ட்டுக்கு மேல். இடையிலுள்ள வித்தியாசமே அங்கே பேட்டரியின் லாபம். 2013-லேயே மானியக் கடன் தொடங்கிய அந்நாட்டில் வீட்டு பேட்டரிகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரல் 15-க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, லைனுக்குக் கொடுக்கும் மின்சாரத்தின் மதிப்பு ஏறத்தாழ முக்கால்வாசி வெட்டப்பட்டது. அதற்கு முன் புதிய சோலார் வீடுகளில் பத்தில் ஒன்றுதான் பேட்டரியோடு வந்தது, பிறகு அது பாதியைத் தாண்டியது. கூடவே சோலார் போடும் தொழிலே அங்கு சில காலம் படுத்துவிட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சோலார் உள்ள ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. தண்டிப்பதற்குப் பதில் உதவியது. 2025 ஜூலை 1 முதல் வீட்டு பேட்டரியின் விலையில் சுமார் 30 விழுக்காட்டை அரசு ஏற்றது. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பேட்டரி ஏறிவிட்டது.

இலங்கையின் பாடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், அங்கே நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அதற்குப் பிறகு வசதியுள்ளவர்கள் கூரைகளில் பேனலை நிரப்பினார்கள். 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிறு. விடுமுறை நாளில் தேவை குறைவு, கூரைகளிலிருந்து மின்சாரம் பொங்கி வருகிறது, லைனின் சமநிலையைக் காக்கும் பெரிய சுழலிகளின் பங்கு சுருங்கியிருக்கிறது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் ஏற்பட்ட கோளாறு என்று சொல்லப்பட்ட அந்தச் சிறு அதிர்ச்சியை அமைப்பால் தாங்க முடியவில்லை, நாடு முழுவதும் மின்சாரம் போனது. அடுத்த இரண்டு மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரை சோலாரைப் பகலில் அணைத்து வைக்குமாறு இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. காசு போட்டு வாங்கிய பேனலை, வெயில் காயும் நாளில், அரசே அணைக்கச் சொல்கிறது! மாலை உச்ச நேரத்தில் பேட்டரியிலிருந்து கொடுக்கும் மின்சாரத்துக்குத் தனியாக உயர்ந்த விலை என்ற யோசனை அங்கே அந்த ஆண்டே வந்தது இதன் தொடர்ச்சிதான்.

தமிழ்நாட்டிலும் அந்தத் திசையில் நகரும் அறிகுறிகள் உண்டு. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகல் உச்சத்தைச் சூரியன் தாங்கிக்கொள்கிறது. வெயில் சாய்ந்து, வீடுகளில் விளக்கும் ஏசியும் ஒருசேர ஏறும் மாலைதான் சிக்கல். ஒன்றிய அரசின் 2023 திருத்த விதிகள், வேளாண்மை தவிர மற்ற நுகர்வோருக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் நேரத்துக்கேற்ற கட்டணம் வர வேண்டும் என்கின்றன: வெயில் நேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு மலிவு, உச்ச நேரத்தில் கூடுதல். 2025 பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையம், கூரை சோலாருக்கும் இரண்டு மணி நேரச் சேமிப்பைக் கட்டாயமாக்குவது பற்றி மின்பகிர்வு நிறுவனங்கள் யோசிக்கலாம் என்று ஆலோசனை கூறியது. கேரளத்தில் அதே ஆண்டு வெளியான வரைவு விதிகள் பெரிய கூரை அமைப்புகளுக்கு பேட்டரியை நிபந்தனையாக்க முயன்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. மாலை நேரச் சுமையைக் குறைப்பது ஊருக்கே நன்மை, அதற்கான செலவை ஒரு வீட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டுவது சரியாகாது. ஆஸ்திரேலியா காட்டிய வழி இங்கும் பொருந்தும்.

இப்போது புதிதாக சோலார் போடுபவர், பேட்டரி வாங்காவிட்டாலும், பின்னால் சேர்க்கக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். விதி மாறும் அன்று பேட்டரியை மட்டும் கொண்டுவந்து மாட்டலாம்.

வாங்கிய பின் இடம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மற்ற வகைகளைவிடப் பாதுகாப்பானது, ஆனாலும் நெருப்பே பிடிக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. வேறு வேதியியல் கொண்ட சில வீட்டு பேட்டரிகள் தீ அபாயத்தால் 2020-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்டன. ஐஇசி 62619 என்ற தரச்சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியேறும் ஒரே வழியில், படுக்கையறையில், சமையல் கேஸ் அருகில் வைக்கக் கூடாது. ஈய பேட்டரி நிரம்பும்போது ஹைட்ரஜன் வெளிவிடும் என்பதால் காற்றோட்டம் வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தள வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற பகுதிகள் உண்டு. அங்கே பேட்டரியின் இடம் தரையல்ல, சுவரில் உயரமாக, வெயில் படாத பக்கம்.

பேனல் 25 ஆண்டு தாங்கும். ஈய பேட்டரியை ஐந்தாறு ஆண்டில் மாற்ற வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசாத திட்டங்களில், பேனல் கூரையில் நிற்க விளக்கு அணைந்துபோகும். செத்த பேட்டரி போகும் இடமும் முக்கியம். ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்கும் பட்டறைகளின் புகை முதலில் பாதிப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையை. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. பழைய பேட்டரியைத் தெருவில் கூவி வருபவரிடம் எடைக்குப் போடாமல், ரசீதோடு கடையில் கொடுப்பதை ஒரு குடும்பம் செய்ய முடியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்தவர்களிடம் வரிசையில் நின்று காசு கொடுத்தார்கள், தொட்டியில் நீரேற்ற டீசல் தேடினார்கள். அந்த வீடுகளில் பலவற்றில் பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தன, முதல் இரவோடு காலியாகி மூலையில் கிடந்தன. அந்த பேட்டரியோடு இணைத்த ஒரு சார்ஜ் கண்ட்ரோலரும், புயலுக்கு முன் கழற்றி உள்ளே வைத்து, ஓய்ந்ததும் மறுபடி மாட்டக்கூடிய இரண்டு பேனல்களும் இருந்திருந்தால், மறுநாள் வெயிலில் அது மறுபடி நிரம்பியிருக்கும். இரவுக்கு நான்கு எல்இடி விளக்கு, ஒரு மின்விசிறி, தெருவிலுள்ள பத்து வீட்டு செல்போன்களுக்குச் சார்ஜ்.